நல்ல ஒயர் ஒன்று கிடைக்காதா?

மூன்றாவது கிளட்ச் ஒயரும் அறுந்துவிட்டது. பதினான்கு மாதத்தில் மூன்று.

அம்மாவுக்குக் கண் பரிசோதனை முடிந்து ஆதம்பாக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றம். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கலாம் என்று மிதித்தேன். கால் நேராகத் தரையில் போய் இடித்தது. பெடல் மேலே வரவில்லை. வண்டி மூன்றாவதிலேயே திணறித் திணறி உச்சியைத் தாண்டியது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. இறங்கியதும் ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரை மெல்ல உருவி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஓரம் கட்டினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.

அங்கிருந்து வீடு வரை கிளட்ச் இல்லாமல்தான் ஓட்டினேன். இன்ஜினை அணைத்து, முதல் கியரைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பும். சிக்னல் வந்தால் அணைத்துவிட வேண்டும், பச்சை விழுந்ததும் மறுபடி அப்படியே. எழுபத்தாறு வயது அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய நேர்ந்ததே என்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வண்டி 1997ஆம் வருஷத்து மாருதி 800. அப்பா வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், கார்புரேட்டர். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்ததில் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் இது. இந்த நாட்டில் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் முதன்முதலில் வாங்கிய காரும் இதுதான். யாரோ ஒருவர் தூக்கிவைத்துக் கொண்டாடும் அபூர்வ வெளிநாட்டு வண்டியாக இருந்து, அதற்கு ஒயர் இல்லை என்றால் புரிந்துகொள்வேன். இதற்கா இல்லை?

ஒயர் கிடைக்காமல் இல்லை, கடைக்குக் கடை தொங்குகிறது. ஆனால் அதில் நல்லது எது என்றுதான் தெரியவில்லை.

அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். ஆயில் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி, கிலோமீட்டர், கொடுத்த காசு, எல்லாம் அதில் இருக்கிறது. வண்டியோடு வந்த கிளட்ச் ஒயர் 2006 வரை ஓடியிருக்கிறது. அடுத்தது 2014 வரை. அதற்கடுத்தது, நான் என் கையால் முதன்முதலில் மாற்றியது, எட்டு வருஷத்துக்கு மேல் உழைத்தது. அதற்குப் பிறகு எழுதியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஐந்து மாதம், ஆறு மாதம், கடைசியாக வாங்கியது மூன்றே மாதம். வண்டியும் அதே, ஓட்டுகிற காலும் அதே. ஒயர் மட்டும்தான் வேறு.

கிளட்ச் ஒயர் என்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. பெடலில் ஒரு முனை, கியர்பாக்ஸ் மேலிருக்கும் லீவரில் மறுமுனை. நடுவில் முறுக்கிய எஃகு இழைகள், அவற்றைச் சுற்றி வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை, அதற்கும் வெளியே சுருள் கம்பிக் கூடு. மிதித்தால் இழுக்கும், லீவர் திரும்பும், பேரிங் போய் பிரஷர் பிளேட்டை அழுத்தும், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இருக்கிற பிடி விடும். அவ்வளவுதான். ஆனால் அந்த இழையின் எண்ணிக்கையில் கொஞ்சம் குறைத்தால், உள் உறையைக் கொஞ்சம் மெலிதாக்கினால், முனையிலிருக்கும் குண்டைச் சரியாக அழுத்தாமல் விட்டால், வாங்குகிறவனுக்கு வெளியே எதுவும் தெரியாது. மூன்று மாதம் கழித்து ஏற்றத்தில்தான் தெரியும்.

மாற்றுகிற வேலை எனக்குப் பாரமில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லாம் "ஏன் சார் இந்தக் கஷ்டம்?" என்று வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பெடல் கொக்கியிலிருந்து பழைய ஒயரைக் கழற்றி, புதியதை கிரீஸ் தடவி மாட்டி, பானெட்டைத் திறந்து மறுமுனையின் நட்டைத் திருகி லூஸைச் சரிபார்க்க வேண்டும். பெடலைக் கையால் அமுக்கினால் முதலில் ஒரு விரல் அகலம் போல எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். அந்த லூஸ் இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், கிளட்ச் வழுக்கிக் கருகும். அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் கடிக்கும். ரிவர்ஸுக்கு சின்க்ரோ வளையம் கிடையாது, அதனால் கிளட்ச்சில் கோளாறு என்றால் முதலில் கத்துவது அதுதான். ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டுக் கையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். அந்த வேலையை நான் நேசிக்கிறேன். அந்த நேசத்தைத்தான் இந்த டூப்ளிகேட் சாமான் பாழாக்குகிறது. எவ்வளவு நேர்த்தியாக மாட்டினாலும் உள்ளே இருப்பது சொத்தை என்றால் என்ன செய்ய?

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கேட்டேன். "ஒரிஜினல் இருக்கா?" "இருக்கு சார்." அட்டைப்பெட்டி, அச்சு, பளபளக்கும் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தது. அதுதான் ஐந்து மாதத்தில் போனது. அறுந்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். திரும்ப எடுக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை, இப்படி விற்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். வித்துடுங்க" என்றார்.

இந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, வித்துடுங்க, இதை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! கெட்டது வண்டி இல்லையே அண்ணே, நீங்கள் கொடுத்த ஒயர்தானே கெட்டது? இன்ஜின் காலையில் ஒரு தட்டில் கிளம்புகிறது. புகை இல்லை. விற்றவரின் குற்றம் எப்படி வண்டியின் வயதாகிப் போனது?

இதே கதைதான் பெட்ரோல் டியூபிலும். அது இன்னும் பயமான கதை. 2025இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வகை ரப்பரை ஊறவைத்து உப்பவோ வெடிக்கவோ செய்யும். புது வண்டிகளில் சென்சார் இருக்கிறது, கலவையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை, நாம் திருகி வைத்ததுதான். சரி, அரசாங்கம் ஒரு முடிவெடுத்திருக்கிறது, கரும்பு விவசாயிக்குக் காசு போகிறது, வெளிநாட்டு எண்ணெய் குறைகிறது என்றால் நான் எதிர்க்கவில்லை. இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பர் குழாய் உலகத்தில் இல்லாமலும் இல்லை. உள்ளே ஃபுளோரோ ரப்பர் பூச்சு கொண்டது, 30ஆர்9 என்று மேலேயே அச்சடித்திருக்கும். அதைக் கேட்டு எட்டுக் கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி: "ஆறு எம்எம்மா, எட்டு எம்எம்மா?" எந்த ரப்பர், எந்தத் தரம் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசியில் கிடைத்ததை வாங்கி மாட்டினேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஒருநாள் பானெட்டைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் வாடை. கிளாம்புக்குப் பக்கத்தில் டியூப் மயிரிழையாக வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், சூடான இன்ஜினை ஒட்டி! எத்தனால் செய்ததா, குழாயே மட்டமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதைக் கொண்டு செய்தது என்று எழுதியே இல்லாத ஒரு சாமானை வைத்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? அன்றைக்கு எதேச்சையாகத்தான் பானெட்டைத் திறந்தேன். திறக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பே இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கியர் ஆயில் விஷயமும் ஒன்று. இந்த கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஊற்ற வேண்டும். கடையில் ஜிஎல்-5ஐ எடுத்து நீட்டினார்கள். "அஞ்சு இன்னும் நல்லது சார்" என்றார்கள். நம்பர் பெரிதானால் தரம் கூடும் என்ற கணக்கு. ஜிஎல்-5இல் கந்தகம் பாஸ்பரஸ் கலந்த மருந்து அதிகம், சில வகைகளில் அது சின்க்ரோ வளையத்தின் பித்தளையை மெதுவாகத் தின்னும். விற்கிறவருக்குத் தெரியாவிட்டால் மனிதர்தானே என்று விட்டுவிடலாம். டப்பாவைத் திருப்பி ஒருமுறை படித்துப் பார்க்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கியர் ஆயில் மாற்றுகிற அன்று, அடி நட்டைக் கழற்றப் போன என் கையைத் தட்டிவிட்டார். "தம்பி, முதல்ல ஊத்துற நட்ட கழட்டிப் பாரு. அது வரலைனா, கீழ வடிச்சிட்டு என்ன பண்ணுவ? வீட்டு வாசல்ல காலி கியர்பாக்ஸை வெச்சிக்கிட்டு நிப்பியா?" இருபது வருஷம் ஆகியும் அந்த வரிசையை நான் மாற்றியதில்லை. பெட்ரோல் பம்பில் கிழிந்தது டயஃப்ரம் மட்டும் என்றால் டயஃப்ரத்தை மட்டும் போடுவார். ஸ்டார்ட்டரில் தேய்ந்தது கரி என்றால் கரியை மட்டும். இப்போது எங்கே கொண்டுபோனாலும் "முழு செட்டா மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றுகிற முழு செட்டும் அதே டூப்ளிகேட் பெட்டியிலிருந்துதான் வருகிறது. கழற்றிப் போடுகிற பழையதில் பாதிக்கு மேல் நல்ல பாகம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு மட்டமானதை மாட்டிக்கொள்ளக் காசு கொடுக்கிறோம்.

அண்ணன் 2019இல் கடையை மூடிவிட்டார். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பையன்கள் பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், ஸ்கேனரைச் செருகினால் கோளாறைத் திரையில் காட்டும் வண்டிகளில்தான் அவர்கள் பிழைப்பு இருக்கிறது. என் வண்டியில் காதைத்தான் வைத்துக் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் கட்டணம் வேறு. 15 வயது தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்பு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். 2027இல் நான் அதைக் கட்டத்தான் போகிறேன். பழைய வண்டி ஆபத்து என்பதால் இந்தக் கெடுபிடி என்கிறார்கள். அந்த வண்டிக்குள் போகிற போலி ஒயரும் போலி பிரேக் ஷூவும் ஆபத்து இல்லையா? அதைப் பிடிக்க யார் எந்தக் கடைக்குள் நுழைந்தார்கள்?

போன சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். உடைத்த வண்டிகளின் சாமான் குவிந்து கிடக்கும் சந்துகளில், ஒரு பையன் மூட்டையைக் கொட்டி, கிளட்ச் ஒயர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினான். கறுத்துப்போன ஒன்றை எடுத்து உள் இழையை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு இழைகூடப் பிரியவில்லை, முனைக் குண்டு அசையவில்லை. எந்தக் குடும்பம் ஓட்டிய வண்டியோ, எத்தனை வருஷம் உழைத்ததோ. கடையில் பெட்டியோடு விற்ற மூன்றைவிடவும் இது திடமாக இருந்தது. நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன்.

"இந்த மாதிரி இதான் சார் கடைசி. வண்டியே வர்றது குறைஞ்சிடுச்சு" என்றான்.

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். பெடல் ஒரு விரல் அகலம் சும்மா இறங்கி, பிறகு கெட்டியாகப் பிடிக்கிறது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதினேன். வியாழக்கிழமை அம்மாவை மறுபடி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். "பாலம் வேண்டாம்பா, கீழயே போயிடலாம்" என்று நேற்றே சொல்லிவிட்டாள்.