பாட்டன் பெயர் தேடி ஒரு வாரம்



இந்தப் பக்கத்தில் வழமையாக உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். இம்முறை ஒரு கடிதத்துக்குப் பதில் தேட ஒரு வாரம் நடக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையையே சொல்கிறேன்.

எழுதியவர் கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி. 2009இல் கணவரை இழந்தவர். ஓடிய ஓட்டத்தில் ட்ரங்குப் பெட்டியோடு பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. முகாமில் இருந்தபோது அம்மா சொன்ன விபரத்தை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்திருக்கிறார். அதில் பிறந்த ஆண்டு 1972. தகப்பன் பெயர் அதில் ஒரு மாதிரி, விவாகப் பதிவில் இன்னொரு மாதிரி. காணிப் பத்திரத்துக்குப் போன இடத்தில், இரண்டும் ஒரே ஆள்தான் என்று எப்படி நம்புவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நான் பதுளையில் ஒரு தோட்டத்தில் பிறந்தனான். 77 கலவரத்தோட சின்னப் பிள்ளையா வன்னிக்குக் கொண்டுவந்தவை. அம்மாவும் இப்ப இல்லை. தோட்டத்தின் பெயர் சரியாகத் தெரியாது" என்று எழுதியிருந்தார்.

1958, 1977, 1983 என்று மலையிலிருந்து இறங்கி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. உங்களில் பலருக்கும் இந்தக் கதை புதிதாக இராது.

வரச் சொன்னேன். விடிய வந்து இறங்கினார். அலுவலகம் திறக்கும் வரை நகரத்தில் சுற்றினோம். பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் நினைவுக் கல் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானை சுட்டவருக்குக் கல் இருக்கிறது. அதே மலைகளில் காடு வெட்டி, கோப்பி நட்டு, கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை நட்ட நம்முடைய ஆட்களுக்கு ஒரு கல்லையும் நான் காணவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது யார் யாருடைய உறவுமுறைப் படங்களையோ வரைந்தேன். என் குடும்பப் படத்தை வரைய உட்கார்ந்தால் பூட்டனோடு பென்சில் நின்றுவிடுகிறது.

நம்மைப் பற்றி எழுதாமல் இல்லை. கடன்காரர்களாக எழுதினார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதற்குக் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல்தான் அது ஒழிந்தது. பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களாக எழுதியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், கலியாணம் ஆனவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் இங்கேயே இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே லயத்தில் இருந்தவர்களை இந்த நாடு, அந்த நாடு என்று பிரித்தது. 2003இல்தான் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துப் பிரஜாவுரிமைக் கடிதமோ இந்தியப் பாஸ்போட்டோ உங்கள் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தகப்பன் பெயரும் ஊரும் அவற்றில் கிடைக்கலாம்.

அலுவலகத்தில் தோட்டத்தின் பெயரைக் கேட்டார்கள். இவர் சொன்ன பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. தோட்டத்துப் பிறப்புகள் தோட்டத்துரை மூலமாகப் பதிவானவை. அதனால் பதிவேட்டில் இருப்பது துரைமார் வைத்த பெயர். நம்முடைய ஆட்கள் வாயில் புழங்கியது வேறு பெயர். ஆண்டும் தெரியாமல் தோட்டமும் தெரியாமல் எந்தப் புத்தகத்தைத் திறப்பது?

அம்மா அடிக்கடி சொன்னதைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினேன். லயத்துக்குப் பின்னால் ஓடை. முன்னால் நமுனுகுல மலை. ஓடைக் கரையில் இரண்டு பலா மரம். "பஞ்சத்தில நீ வயித்தில" என்பாராம். பஞ்சம் என்றால் தோட்டங்களில் 1973, 74. அப்படியானால் 1972 எப்படி வந்தது என்ற கேள்வி அப்போதே எனக்குள் முளைத்துவிட்டது.

பசறைப் பக்கம் மூன்று நாள் நடந்தோம். நமுனுகுல 2,036 மீற்றர் உயரம், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அதனால் அந்த அடையாளம் உதவவில்லை. ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போனோம். மானாப் புல், அட்டைக்கடி, பின்னேரமானால் மழை. கிளிநொச்சி வெயிலில் வாழ்ந்த சகோதரி முதல் நாள் மூச்சு வாங்கினார். மறுநாள் எனக்கு முன்னால் நடந்தார். ஒரு தோட்டத்தில் பழைய செக்ரோல் ஒன்றும் இல்லை என்றார்கள். 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகளுக்குப் போனது, கை மாறிய கை மாறிய இடத்தில் காகிதமும் போயிருக்கும்.

மூன்றாம் நாள் மலையில் கொழுந்தெடுத்தவர்கள் ஒரு லயத்தைக் காட்டினார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா இவருடைய பெயரைக் கேட்கவில்லை. "எந்தக் கங்காணி ஆளுக நீங்க?" என்றார். இவர் சொன்னார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க சின்னவரு மகளாடி நீ?" என்று கையைப் பிடித்தார். தகப்பனின் அண்ணன் மனைவி, பெரியம்மா!

பாட்டன் பெயரைக் கேட்டேன். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. மாமனார் பெயரைச் சொல்லலாமா? "பழனி மலையில இருக்காருல்ல, அவரு பேருதாம்மா" என்றார். பழனியில் இருப்பவருக்குப் பெயர் ஒன்றா இரண்டா? நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தலையாட்ட, பேத்தி சிரித்துக்கொண்டே சரியான பெயரைச் சொல்லிவிட்டாள். (பெண்கள் பெயர் சொல்லாத இந்த வழக்கத்தால் எத்தனை பெயர்கள் பாதியில் நின்றன என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.) தோட்டத்தின் பதிவுப் பெயரும் அங்கேதான் கிடைத்தது.

"பலா மரம் இருக்குதா பெரியம்மா?" என்று சகோதரி கேட்டார்.

"ஒண்ணுதான் நிக்குது. ஒங்கண்ணன் மேல வச்சது."

இவருக்கு விளங்கவில்லை. பெரியம்மா மெதுவாகச் சொன்னார். இவருக்கு முன்னால் ஓர் ஆண் பிள்ளை. பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்குகூட இல்லாத நாளில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது. ஓடைக் கரையில் புதைத்து, தகப்பன் பலாக் கன்று வைத்திருக்கிறார். அம்மா ஐம்பது தடவை மரத்தைச் சொன்னார், பிள்ளையை ஒரு தடவையும் சொல்லவில்லை.

ஓடைக்கு இறங்கிப் போய் மரத்தடியில் இருந்தோம். கடைசி பஸ் போய்விட்டது. இரவு பெரியம்மாவின் காம்பராவில் ரொட்டியும் கட்டைச் சம்பலும்.

அடுத்த நாள் அலுவலகத்தில் தோட்டத்தின் பெயரையும் 1972 முதல் 1975 வரை என்ற காலத்தையும் கொடுத்துத் தேடச் சொன்னோம். இரண்டு பதிவுகள் கிடைத்தன. 1974இல் பெண் பிள்ளை. 1972இல் ஆண் பிள்ளை. முகாமில் அம்மா சொன்ன ஆண்டு அந்தப் பிள்ளையுடையது.

தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அதற்குச் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும், இன்னும் இரண்டு தடவையாவது அலைய வேண்டிவரும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது, "எத்தனை பிரதி?" என்று கேட்டேன். தன்னுடையதில் இரண்டு, மற்றதில் ஒன்று என்றார். வெளியே வந்து மகளுக்குப் போன் எடுத்தார். காணியைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, எனக்கு ஒரு அண்ணன் இருந்தவர்" என்றார்.