வீட்டில்தானே இருக்கிறாய்!

அலுவலகம் இல்லத்துக்குள் வந்துவிட்டது. இனி முதிய பெற்றோரைப் பேணுதல் எளிதாயிற்று என மகிழ்வோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். 2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது பரவிய வழக்கம் இது. ஆணை நீங்கிய பின்னும் கணினி வழிப் பணிகள் பலவற்றில் நிலைத்துவிட்டது. ஊதியமும் குறையவில்லை, பெற்றோரும் தனித்திருக்கவில்லை. இதனினும் பேறு யாது என வினவுகின்றனர். யாருடைய பேறு என்று நாம் திருப்பி வினவ வேண்டும்.

நடப்பதைப் பாருங்கள். மகள் கூடத்து மூலையில் கணினி முன் அமர்கிறாள். காலை ஒன்பது மணிக்கு இணையவழிக் கூட்டம். ஒன்பதேகாலுக்குத் தந்தைக்கு இன்சுலின் ஊசி, அதன்பின் பசியாறல். கூட்டத்தினின்று எழுந்தால் மேலாளர் முகம் சுளிக்கிறார். எழாதிருந்தால் தந்தையின் உடல் பொறுக்காது. மாலையில் அண்ணன் தொலைபேசியில் அழைக்கிறான்: 'நாளை அப்பாவை மருத்துவமனைக்கு நீயே அழைத்துப் போ, வீட்டில்தானே இருக்கிறாய்?' இரவு எட்டு மணிக்கு மேலாளரும் அதே சொல்லைச் சொல்கிறார்: 'அந்த அறிக்கையை இன்றே முடித்து அனுப்புங்கள்; வீட்டில்தானே இருக்கிறீர்கள்?'

'தானே' என்பதன் ஈற்று ஏகாரத்தைத் தேற்றம் என்று வகுப்பிலே கற்பிக்கிறோம். வினா என்பாரும் உளர். இவ்விருவர் வாயிலும் அது செய்யும் வேலையோ வேறு: ஒருத்தியின் பொழுதை விலையற்றதாக்குதல். ஒரே மணி நேரத்தை முதலாளி தமக்குரியது என்கிறார். குடும்பமும் தனக்குரியது என்கிறது. ஒரே மனையை இருவருக்கு விற்றால் அதனை மோசடி என்போம். ஒருத்தியின் பொழுதை இருவர் எடுத்துக்கொண்டால் மட்டும் 'சமநிலை' என அழகிய பெயர் சூட்டுகிறோம்.

ஒருத்தி என்று தெரிந்தே எழுதுகிறேன். மகன்மாரும் பேணுகின்றனர், மறுப்பதற்கில்லை. ஆயினும், 'அவனுக்கு வேலை இருக்கிறது, தொல்லை கொடுக்காதீர்கள்' என்று மகனுக்காகக் கதவைச் சாத்தும் அதே வீடு, மகளுக்கும் மருமகளுக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

நம் முன்னோர் வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய், தன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். அங்கே தொட்டில் இருந்தது. பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருந்தாள். அவளுக்குத் தோட்டம் கூலி கொடுத்தது. துரைமாரின் கருணையைப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கருணைக்கும் அவர்களுக்கும் வெகுதூரம். ஆனால் இடுப்பில் குழந்தையோடு பால்வெட்ட இயலாது என்னும் எளிய கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அக்காலத் தோட்டத் துரை அறிந்திருந்த கணக்கை இக்காலத்து நிறுவனம் அறியாததுபோல் நடிக்கிறது. மடியில் கணினியும் தோளில் தந்தையுமாக ஒருத்தி வேலை செய்யலாம் என்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், பால்வெட்டி ஓய்ந்தோர் பலர் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தனர். லயத்தில் குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டார் வருவர். நான்காம் மாடியில் யார் வருவார்?

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே விடையளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். நன்று. இவ்வுரிமையை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? அறிந்தோரும் பெரும்பாலும் இடத்தை மட்டுமே கேட்கின்றனர். கேட்க வேண்டியது நேரம். மற்றபடி, பிள்ளைப்பேற்றுக்கு 98 நாள் விடுப்பு தரும் அச்சட்டம், பெற்றோரைப் பேணுதற்கென ஒரு நாளும் தரவில்லை. வருமான வரியிலே பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவுண்டு. செலவிட்ட பணத்துக்குத்தான் அக்கழிவு, செலவிட்ட பொழுதுக்கு அன்று.

பொழுதின் அளவு தெரியாதோர்க்கு ஒன்று சொல்வேன். சிறுநீரகம் செயலிழந்த முதியவருக்குப் பொதுவாக வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். போய்வரும் நேரம் நீங்கலாகவே 12 மணி. இது 45 மணியின் உள்ளிருந்து வருவதா, வெளியிருந்து வருவதா? இதற்கு விடை கூறாத எவரும் சமநிலையைப் பற்றிப் பேசத் தகுதியுடையவரல்லர்.

'ஈன்றோரைப் பேணுவதில் கணக்குப் பார்ப்பதா? அறமன்றோ அது!' என்று சினப்போர் உளர். பெரும்பாலும் அவர்கள் படுக்கை விரிப்பை மாற்றியறியாதவர்கள். கணக்கு வேண்டாம் என்னும் குரல், கணக்கெடுத்தால் தன் பங்கு வெளிப்படும் என்ற அச்சத்தில் எழுவது. உடன்பிறந்தோர் நால்வர் எனில், எந்தக் கிழமை யாருடையது என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது அறத்துக்கு இழுக்காகாது. அயலூரில் இருப்பவன் ஆள் வைப்பதற்கான பணம் அனுப்பட்டும். அறிவுரை அனுப்ப வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை செய்வதே தீது என்பது என் வாதமன்று. சாலை நெரிசலில் கழியும் இரண்டு மணி நேரம் மிஞ்சுவது உண்மையே. மிஞ்சிய அப்பொழுது யாருக்குப் போகிறது என்பதே கேள்வி.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பெற்றோரைப் பேணுவோம்' என்று ஆண்டுதோறும் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறோம்; மாணவரும் அழகிய மேற்கோள்களால் பக்கத்தை நிரப்பித் தருகின்றனர். இவ்வாண்டு தலைப்பை மாற்றுங்கள். உங்கள் வீட்டில் நள்ளிரவில் பாட்டியைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார்? அவர் மறுநாள் காலை எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்குகிறார்? மேற்கோள் இன்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வரும் விடைகளில் அண்ணன்மாரின் பெயர் எத்தனை முறை வருகிறது என எண்ணிப் பாருங்கள்.