இன்ஸ்பெக்‌ஷன் நாள் சர்க்கரை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்கள் பேசுவது இரண்டே விஷயம். ஒன்று பென்ஷன், மற்றது சுகர். இரண்டாவதில் ஒரு பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரத்தம் கொடுக்க மூன்று நாள் இருக்கும்போதே இனிப்பை நிறுத்திவிடுவார்கள். முதல்நாள் இரவு இரண்டு இட்லியோடு படுத்துவிட்டு, மறுநாள் "வெறும் வயிற்றில் 108தான்!" என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். இன்ஸ்பெக்‌ஷன் அன்று எல்லோரும் பத்து மணிக்கே நாற்காலியில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வெறும் வயிற்று அளவும் அப்படித்தான், ஒரு காலை நேரத்துக் காட்சி. எச்பிஏ1சி என்பது வருகைப் பதிவேடு. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலத்தில் அதன்மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதை இந்தச் சோதனை சொல்லிவிடும். மூன்று நாள் பத்தியம் அதை ஏமாற்றாது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. உடம்பில் அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

அந்த 108-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கணக்கில் 100 முதல் 125 வரை முந்தைய நிலை. உலக சுகாதார நிறுவனம் 110-இல்தான் தொடங்குகிறது. ஆக 108 பெருமைப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. 126 என்றால் இரண்டு கணக்கிலும் நீரிழிவுதான்.

நம் ஊரில் இன்னொரு வேடிக்கை. பிரான்சிலிருந்து லீவில் வரும் உறவினர் "எனக்கு 1.20தான், உங்களுக்கு ஏன் 120?" என்று பரிதாபப்படுவார். அங்கே லிட்டருக்கு இத்தனை கிராம், இங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். இரண்டும் ஒன்றேதான், இருவரும் ஒரே படகில்.

"ராத்திரி பட்டினி கிடந்தேன், காலையில் எப்படி 130?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர் கிளோத் பெர்னார் பெயரை எழுந்து நிற்காத குறையாகச் சொல்வார். கல்லீரலே சர்க்கரையைச் சேமித்து ரத்தத்தில் விடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டவர் அவர். நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

பலருக்கு முதலில் ஏறுவது சாப்பிட்ட பிறகு வரும் அளவுதான். அதனால் மூன்றையும் கேட்டு எடுங்கள் என்பது என் கருத்து. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ணுங்கள். ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியை உயர்த்திக் காட்டலாம், பதிவேட்டிலும் தப்புக் கையெழுத்து உண்டு. வீட்டு மெஷினில் குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் தின்ற விரல் பொய் சொல்லும்.

"பார்டர்தானே" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வில் நீரிழிவு அதிகமுள்ள இடங்களில் முதலிடம் கோவாவுக்கு, 26.4 சதவீதம். அடுத்தது நம் புதுச்சேரி, 26.3. பெரியவர்களில் நாலில் ஒருவர்.

அதற்காக மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எண்பது வயதில் இளைஞனின் எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம். வயதானவர்களுக்கு டாக்டர்களே இலக்கைத் தளர்த்துகிறார்கள். 70-க்குக் கீழே இறங்கினால் தலை சுற்றும், வியர்க்கும், குளியலறையில் விழுந்தால் இடுப்பு போகும். அப்படித் தலை சுற்றிய நாளையும் நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டர் மேசையில் வையுங்கள்.