வீட்டுத் திரையில் கடல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"படம் பார்த்துக் கெட்டுப்போகாதே" என்பது பெரியவர்கள் வாக்கு. எங்கள் வீட்டு நிலையோ வேறு. எழுத்தறியாத என் அம்மாவும், எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நானும் சேர்ந்து படிக்கக்கூடிய ஒரே புத்தகம் படந்தான்.

அம்மா பாம்பன் பக்கத்துக் கடலில் பாசி எடுப்பவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் படர்ந்த மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருவார். சென்ற விடுமுறையில் அண்ணன் கைப்பேசியில் 'மை ஆக்டோபஸ் டீச்சர்' என்ற ஆவணப்படம் பார்த்தோம். தென்னாப்பிரிக்கக் கடலில் கிரெய்க் பாஸ்டர் என்பவர் காற்றுக் குப்பியின்றி நாள்தோறும் மூழ்கி, ஓர் ஆக்டோபசின் வாழ்வைக் கூடவிருந்து கண்ட கதை அது. 2020இல் வெளியாகி, 2021இல் ஆஸ்கார் பரிசு பெற்றது.

ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "இதற்கு மூன்று இதயங்கள், அம்மா" என்று என் பாடத்தையும் சேர்த்துக்கொண்டேன். அம்மா சிரித்தார்.

"பேய்க்கணவாய்தானத்தா! அங்கன பாரு, சிப்பி சிதறிக் கிடக்குல்ல? அது தின்னு போட்டது. அதுக்குப் பின்னாடிதான் பொந்து இருக்கும்."

பிறகு நூலகத்தில் புரட்டினேன். ஆய்வாளர்களும் அந்த ஓட்டுக் குவியலைக் கொண்டே ஆக்டோபசின் வளையைக் கண்டுபிடிக்கிறார்களாம்! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

படம் முடிந்ததும் அம்மா ஒன்று கேட்டார்: "தினம் கடல்ல இறங்குறாரே, பொழப்புக்கு என்ன செய்வாரு?"

படம் எடுப்பதே அவர் தொழில் என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் பார்த்த கடற்படங்களில் மனிதன் வந்தால், படம் எடுப்பவனாக வருகிறான். இல்லையேல் கடலைக் கெடுப்பவனாக வருகிறான். கடலால் பிழைப்பவன் எங்கே?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. பவளப்பாறையைக் காக்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. "கல்லு செத்தா கடலே செத்துரும்" என்பது அம்மாவின் வாக்கு. பாசி மீண்டும் தழைக்கட்டும் என்று, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதெனப் பாசிப் பெண்கள் தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டதும் இக்கரையில்தான். அதை எந்தப் படத்தில் பார்த்தோம்?

நம் கரை திரைக்குப் புதிதன்று. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இராமேசுவரத்துக்கு வந்தது; 'செங்கடல்' (2011) தனுஷ்கோடி மீனவரின் கதையைச் சொன்னது. இரண்டும் போரின் துயரைப் பேசின, பேச வேண்டியவைதாம். ஆனால் அம்மா மூழ்கும் ஆழத்துக்கு அவை இறங்கவில்லை.

முடியாத காரியமா இது? முதுமலையில் எடுத்த 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கார் வென்றதே! பொம்மனும் பெள்ளியும் தமிழில் பேசினார்கள். அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கவே தேவையிருக்கவில்லை. காட்டையும் காட்டு மனிதரையும் பிரிக்காமல் காட்டிய அந்தக் கண், கடலுக்கும் ஒருநாள் வரட்டும் என்பதே என் அவா.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? நண்பர்களே, இத்தகைய படங்களைத் தனியே பார்க்காதீர்கள். வலை இழுக்கும் தந்தையை, கருவாடு காயவைக்கும் பாட்டியை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்து அவர்கள் சொல்வதைக் குறித்து வையுங்கள். பேராசிரியப் பெருமக்களும் அக்குறிப்புகளை வகுப்பில் கேட்டு, நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவ வேண்டும்.

நான் ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான்: 'பேய்க்கணவாய் - பொந்து வாசலில் சிப்பி கிடக்கும். சொன்னவர்: அம்மா.'