மண்வெட்டியும் துப்பாக்கியும்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தெற்கத்திக்காரர்களின் பட்டாளத்திலும் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் இருந்தார்களாம். ஆகவே அந்த யுத்தம் அடிமைகளைப் பற்றியதே அல்லவாம். நண்பர் ஒருவர் என்னிடம் இப்படி வாதாடினார். அத்தாட்சியாக ஒரு புகைப்படம்: வெள்ளைக்கார எஜமானுக்குப் பக்கத்தில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் கறுப்பு இளைஞன்.

இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. என்னவாக இருந்தார்கள்? மண் சுமந்தார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள், சோறாக்கினார்கள், எஜமானின் குதிரையைத் தேய்த்தார்கள். அதற்குச் சர்க்கார் கொடுத்த கூலி எஜமானின் பைக்குப் போயிற்று. வாடகைக்கு வந்த மாட்டை உழவன் என்று சொல்வாருண்டா?

1861 மே மாதம் வர்ஜீனியாவில் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த மூன்று அடிமைகள், இரவோடு இரவாக வடக்கத்தியாரிடமிருந்த மன்றோ கோட்டைக்கு ஓடினார்கள். எஜமானின் ஆள் கேட்டு வந்தான். தளபதி பட்லர் கொடுக்க மறுத்துவிட்டார். விடுதலை செய்தாரா? அதுவும் இல்லை. எதிரியின் யுத்தத் தளவாடம் என்று பறிமுதல் செய்தார்! நல்லவர்களின் நியாயமும் அன்றைக்கு அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அடிமை நல்ல சிப்பாயாகிவிட்டால் அடிமை முறைக்கு நாம் சொல்லும் நியாயமே தப்பு என்றாகிவிடும் என்று தெற்கத்தித் தளபதி ஹோவல் காப் 1865 ஜனவரியில் எழுதினார். என் நண்பரைவிட அவர் விஷயம் தெரிந்தவர். கறுப்பர்களைச் சிப்பாய்களாக்கத் தெற்கு சட்டம் செய்தது 1865 மார்ச் 13-ல். ஏப்ரல் 9-ல் லீ சரணடைந்துவிட்டார். நான்கு வாரம்கூட ஆகவில்லை. அந்தச் சட்டமும் யாரையும் விடுதலை செய்யவில்லை.

துப்பாக்கி பிடித்த கறுப்பர்களைப் பார்க்க வேண்டுமா? வடக்குப் பட்டாளத்தில் பாருங்கள். சுமார் 1,79,000 பேர். அங்கேயும் வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்குப் பத்து, அதிலும் துணிக்கென்று மூன்று பிடித்தம். 1863 ஜூலை 18-ல் வாக்னர் கோட்டையின் மேல் குண்டு மழையில் ஏறிய 54-ஆம் மாஸசூஸட்ஸ் படைக்கும் அதே ஏழு டாலர்தான். அவர்கள் அதைத் தொடவில்லை. குறைகிற பணத்தை நாங்கள் போடுகிறோம் என்று மாஸசூஸட்ஸ் ராஜ்யம் முன்வந்தது, அதையும் வேண்டாமென்றார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் திண்டாடின போதும் வாங்கவில்லை. 1864 ஜூனில் காங்கிரஸ் சமச் சம்பளத்துக்குச் சட்டம் செய்த பிறகுதான் கை நீட்டினார்கள்.