வலியறிந்து பூட்டுக

நம் சங்கத்துக் குடும்பங்களில் வளரும் இளைஞர் சிலர் மோட்டார்ப் பொறித்துறையில் பேரார்வம் கொண்டிருக்கின்றனர். பட்டறையில் தொழில் பயில்வோரும் உளர். டிராக் பந்தய வண்டி ஒன்றை அமைத்துவிட வேண்டும் என்று கனவு காண்போரும் உளர். இவ்வார்வத்தை நாம் பழிப்பதற்கில்லை. பிழைப்பை நாடி மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பத்திற்குக் கைத்தொழில் அறிவு பெருஞ்செல்வமே. ஆயினும், சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் பொருந்தாத கருவி ஒன்றுக்காக இருமுறை செலவாவதை எக்குடும்பமும் தாங்காது. ஆதலின், அவ்வண்டியின் தலையாய உறுப்பாகிய டார்க் கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி இம்மாதம் சில சொல்ல விழைகின்றோம்.

துறைமுகத்தில் வாழும் நமக்கு இக்கருவி ஒருவகையில் உறவுடையது. ஜெர்மானியப் பொறியறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் இதற்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றபோது, கப்பலையே கருத்திற் கொண்டிருந்தார். விரைந்து சுழலும் நீராவிச் சுழலியை, மெல்லச் சுழல வேண்டிய கப்பல் விசிறியுடன் இணைப்பதே அவர் நோக்கம். மோட்டார் வண்டிக்கு இது பின்னரே வந்தது. 1948-இல் ப்யூயிக் வண்டிகளில் இடம்பெற்றது. எஞ்சினோடு சுழலும் சக்கரம் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் கியர்ப்பெட்டியோடு பிணைந்த மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இடையிலுள்ள ஸ்டேட்டர் என்னும் உறுப்பு எண்ணெயைத் திருப்பிவிட்டு, வண்டி புறப்படும் வேளையில் முறுக்கு விசையை ஏறக்குறைய இருமடங்காக்குகிறது.

டிராக் பந்தயமாவது, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு நேர்ப்பாதையில் கால் மைலை, அதாவது சுமார் 402 மீட்டரை, விரைந்து கடக்கும் போட்டி. இதில் 'ஸ்டால் வேகம்' என்னும் சொல் அடிக்கடி வழங்கும். வண்டி நகராமல் நிற்க, எஞ்சினை முழுதும் முடுக்கினால் அது எத்தனை சுற்று வரை ஏறி நிற்குமோ, அதுவே ஸ்டால் வேகம். இது கருவிக்கே உரிய மாறாத எண் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளைக் கவனியுங்கள். ஒரே விசிறியைச் சிறிய எஞ்சினில் பூட்டினால் ஓரளவுதான் சுழலும். வலிய எஞ்சினில் பூட்டினால் மேலும் விரைந்து சுழலும். கன்வெர்ட்டரும் அவ்வாறே. விசை மாறினால் எண்ணும் மாறும்.

இனி நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு வருவோம். மருத்துவமனைகளில் மயக்கமூட்டப் பயன்படும் 'சிரிப்பூட்டும் வாயு' இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 36 விழுக்காடு ஆக்ஸிஜன். காற்றிலோ சுமார் 23 விழுக்காடே. எஞ்சினுக்குள் வெப்பத்தால் பிரிந்து ஆக்ஸிஜனைத் தருவதால், மிகுதியான எரிபொருளை எரிக்க முடிகிறது. ஆகவே வாயு திறந்த கணமே முறுக்கு விசை பொங்கி எழுகிறது.

கணக்கு எளிது. ஸ்டால் வேகம், முறுக்கு விசையின் வர்க்கமூலத்தை ஒட்டி உயரும். வாயுவின்றி 400 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினில் ஒரு கன்வெர்ட்டர் நிமிடத்திற்கு 3,000 சுற்றில் நிற்கிறது என்று கொள்வோம். வாயு சேர்ந்து விசை 576 ஆனால், அதாவது 1.44 மடங்கானால், அதே கருவி 1.2 மடங்காகிய 3,600 சுற்று வரை ஏறும். வாயுவைக் கணக்கில் கொள்ளாமல் தளர்ந்த கருவியைப் பூட்டினால், வாயு திறந்ததும் அது மேலும் நழுவும்; விசை சக்கரத்தைச் சேராமல் எண்ணெயைக் கொதிக்கச் செய்யும். அஞ்சி மிக இறுக்கமானதைப் பூட்டினாலோ, வாயுவின்றி எஞ்சின் சுற்றேற இயலாமல் தவிக்கும். குறைந்த சுற்றில் வாயுவைத் திறப்பது எஞ்சினுக்கே கேடு.

ஆகவே முதற்கண் முடிவு செய்யவேண்டியது, வாயுவை எப்போது திறப்பது என்பதே. புறப்படும்போதே திறப்பதானால், வாயுவோடு கூடிய விசைக்கு ஏற்ற இறுக்கமான கருவி வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே திறப்பதானால், புறப்பாட்டை எஞ்சின் தன் சொந்த வலியால் செய்தாக வேண்டும். அதற்குச் சற்றுத் தளர்ந்தது தகும். வண்டியின் எடை, பின்னச்சின் கியர் விகிதம், டயரின் உயரம் ஆகியவற்றையும் கருவி செய்பவரிடம் கூறுதல் வேண்டும். எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரும் இன்றியமையாதது.

பூட்டிய பின் சோதிக்கவும் வழியுண்டு. நேர் கியரில் எல்லைக்கோட்டைக் கடக்கும்போது சக்கரம் 1,500 சுற்று, பின்னச்சு விகிதம் 4 எனில், நழுவலே இல்லாத எஞ்சின் 6,000 சுற்றில் இருக்கும். மானி 6,600 காட்டினால், ஏறத்தாழ 9 விழுக்காடு நழுவுகிறது என்று அறியலாம். சிறிது நழுவல் இயல்பே. அது பெருகுவதே தீது.

இத்தனையும் பந்தயத் தடத்திற்கே உரியவை. முன்னர்ச் சென்னையை அடுத்த சோழவரம் விமானத் தளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் முறையான பந்தயங்கள் நடந்துள்ளன. பொதுச்சாலையில் இசைவின்றிப் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். பதிவுபெற்ற வண்டியை அதன் மூல அமைப்புக்கு மாறாகத் திருத்தலாகாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. சாலையில் இறந்துபடுவோரில் பந்தயத்தோடு தொடர்பற்ற வழிப்போக்கரும் உண்டென்பதை இளைஞர்கள் எண்ணிப்பார்த்தல் கடன்.

பெற்றோர்க்கு ஒரு சொல். மகன் கருவி வாங்கப் பணம் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டா, உடனே கொடுக்கவும் வேண்டா. வாயுவின்றி விசை எவ்வளவு, வாயுவோடு எவ்வளவு, எப்போது திறப்பாய், வண்டியின் எடை என்ன, எத்தடத்தில் ஓட்டுவாய் என்னும் ஐந்து வினாக்களுக்கும் ஒரு தாளில் விடை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவன் தொழிலை அறிந்தவன். அவனுக்குத் துணை நில்லுங்கள். எழுத இயலாதவன் இன்னும் சிலகாலம் பட்டறையில் பயிலட்டும். அதற்குள் பணமும் வளரும், அறிவும் வளரும்.