தோசைக்குள்ள ஒளிஞ்சிருந்த பீட்ரூட்

காலங்காத்தால செல்போனைத் திறந்தா நாலு வீடியோல மூணு இதுதானுங்க. "உங்க குழந்தை காய்கறி சாப்பிட மாட்டேங்குதா? கவலையே வேண்டாம்! கேரட், பீட்ரூட், கீரை எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சு தோசை மாவுல கலந்துடுங்க. குழந்தைக்குத் தெரியவே தெரியாது!" அந்த "தெரியவே தெரியாது"ங்கறப்ப ஒரு கண்சிமிட்டல் வேற...

இந்தப் பதிவு அந்தக் கண்சிமிட்டலுக்கு எதிராத்தான். சண்டைக்கு வர்றவங்க வரலாம், முழுசாப் படிச்சுப்போட்டு வாங்க.

மொதல்ல ஒப்புதல் வாக்குமூலம். இந்தத் திருட்டு வேலைய நானே பண்ணியிருக்கேன். எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை காலை டிபன் என்ற பொறுப்பு. (தங்கமணி இதைப் பெருமையா வெளிய சொல்லுவாங்க. மத்த ஆறு நாள் கணக்கை நான் சொல்ல மாட்டேன், ஹிஹி.) பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு அஞ்சு. பெரியவளுக்கு பீட்ரூட்டே ஆகாது. நானும் அந்த வீடியோ மாதிரியே வேகவெச்சு, அரைச்சு, மாவுல கலந்து ஊத்தினேன். ரோஸ் கலர்ல தோசை. "இது என்னங்கப்பா?"ன்னா. "ஸ்ட்ராபெர்ரி தோசை சாமி"ன்னு வாய் கூசாம சொன்னேன். ரெண்டு தோசை சாப்பிட்டா. எனக்குத் தலைகால் புரியலை.

ஆறு ஞாயிறு ஓடுச்சு. ஏழாவது ஞாயிறு சீக்கிரமே எந்திரிச்சு வந்தவ, மிக்ஸி ஜாரை எட்டிப் பார்த்துட்டா. அழுகை இல்லை, கத்தல் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"பொய் சொன்னீங்களாப்பா?"

பல்பு வாங்கினேன்னு சிரிச்சுட்டுப் போற விஷயமா இருந்தா பதிவே எழுதியிருக்க மாட்டேனுங்க. அன்னையில இருந்து வட்டல்ல என்ன விழுந்தாலும் பிச்சுப் பிச்சுப் பார்க்க ஆரம்பிச்சா. இட்லியைப் பிட்டு உள்ள பார்க்கறது, சட்னியை மோந்து பார்க்கறது. பல்லடத்துப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தோம். எங்கம்மா வார்த்த வெறும் வெள்ளைத் தோசை. அதையும் கிழிச்சுப் பார்த்துட்டு, "ஆத்தா, இதுக்குள்ள என்ன போட்டிருக்கறீங்க?"ன்னு கேட்டா. எங்கம்மாவுக்கு முகம் விழுந்துபோச்சு. "ஏன் சாமி, ஆத்தா உனக்கு எதாச்சும் கெடுதல் பண்ணுவனா?"ன்னாங்க. அந்த நேரம் நான் திண்ணைப் பக்கமா நகர்ந்துட்டேன். பீட்ரூட் கொஞ்சம் உள்ள போச்சு, சரி. பதிலுக்கு என்ன வெளிய போச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒளிச்சு வெக்கறது நாம கண்டுபிடிச்ச வித்தை இல்லைங்க. 2007-ல அமெரிக்காவுல ரெண்டு சமையல் புத்தகம் வந்துச்சு, ஜெசிக்கா சைன்ஃபெல்டு எழுதினது ஒண்ணு, மிஸ்ஸி சேஸ் லாபைன் எழுதினது ஒண்ணு. ரெண்டுலயும் மையமே காயைக் கூழாக்கி, குழந்தைக்குப் பிடிச்ச பதார்த்தத்துக்குள்ள நுழைச்சுடறதுதான். அவங்க ஊரு பான்கேக் மைதா, முட்டை, பால், மேல இனிப்புப் பாகு. அதுல காய்க்கு இடமே கிடையாது, அதனால திருட்டுத்தனமா நுழைக்க வேண்டியிருந்துச்சு. நம்ம கதை அப்படியா? அடையில முருங்கைக்கீரை பச்சைப் பசேல்னு தெரியும். ஊத்தாப்பத்துல வெங்காயமும் தக்காளியும் மேலயே உக்காந்திருக்கும். காரப் பணியாரத்தைக் கடிச்சா சின்ன வெங்காயம் பல்லுல படும். காயைக் கண்ணுக்கு முன்னாடி வெச்சு சாப்பிடற பலகாரம் இத்தனை வெச்சுருக்கற நாம, காயை ஒளிக்கற வித்தையை இறக்குமதி பண்ணிட்டிருக்கோம்!

"அதெல்லாம் சரி, குழந்தை வயித்துக்குள்ள போனாப் போதாதா?" இந்தக் கேள்வி நியாயமானதுதான். 2011-ல பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல 3 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளுக்கு, காய்க்கூழ் கலந்த சாப்பாடு குடுத்துப் பார்த்தாங்க. குழந்தைக சாப்பிட்ட காயோட அளவு நல்லாவே கூடுச்சு. மறைக்க வேண்டியதில்லை, அது உண்மை. ஆனா அந்த ஆய்வுல பங்கெடுத்த லீன் பிர்ச்ங்கற அம்மாவே அதுக்கு முன்னாடி செஞ்ச ரெண்டு ஆய்வு இருக்குது. 1987-ல அவங்க குழுவினர், குழந்தைகளுக்கு முன்ன பின்ன தெரியாத பழங்களைக் குடுத்தாங்க. சிலதைப் பார்க்க மட்டும், சிலதை ருசி பார்க்கவும். திரும்பத் திரும்ப ருசி பார்த்த பழம்தான் வாய்க்குப் பிடிச்சுப் போச்சு, சும்மா பார்த்தது அப்படி ஆகலை. 1980-ல இன்னொண்ணு: ஒரு காய் பிடிக்காத குழந்தையை, அதையே விரும்பிச் சாப்பிடற குழந்தைகளோட உக்கார வெச்சாங்க. கொஞ்ச நாள்ல பிடிக்காத குழந்தையும் அந்தக் காய்ப் பக்கம் சாஞ்சிருச்சு.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது இதுதான். இன்னைக்கு ஒரு வேளைக்குக் காய் உள்ள போகோணும்னா ஒளிக்கறது வேலை செய்யும். பதினெட்டு வயசுல விடுதியில தங்கிப் படிக்கறப்ப அவளே காய் எடுத்துப் போட்டுக்கோணும்னா, பேரைத் தெரிஞ்சு, கண்ணுல பார்த்து, நாக்குல பட்டுப் பழகியிருக்கோணும். "ஸ்ட்ராபெர்ரி தோசை" சாப்பிட்ட என்ற பொண்ணு ஆறு வாரத்துல பீட்ரூட்டைப் பத்திக் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அப்பனே மறைச்சுக் குடுக்கற அளவுக்கு அது மோசமான பொருள்.

"எங்க பாட்டி காலத்துல எல்லாம்..."னு ஆரம்பிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலம் பொன்னுன்னு நான் சொல்ல வரலீங்க. களியும் கடைஞ்ச கீரையும் தின்னதுல பாதி, வேற வழி இல்லாம தின்னது. பொடக்காலியில முருங்கை நின்னுச்சு, காசு குடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். இப்ப நிலைமை என்னன்னா, தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல 6 மாசத்துல இருந்து 59 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைகள்ல 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16-ல 50.7. ஏறியிருக்குது! காரணம் பல இருக்கும், ஒரு அடையில தீராது. கீரையில இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர்றதும் கம்மிதான். கூட எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய்னு எதாச்சும் இருந்தா கொஞ்சம் நல்லா சேரும். அடைக்குத் தக்காளிச் சட்னி வெக்கறதுல இருக்கற புத்திசாலித்தனம் இது.

அடுத்த சண்டை: "காலையில ஏழே முக்காலுக்கு வேன் வந்துரும். உனக்கென்னப்பா, வாரத்துல ஒரு நாள் சமைக்கறே..."

ஏத்துக்கறேன். மில்லுல ஷிப்டு, திருப்பூர்ல பனியன் கம்பெனின்னு ரெண்டு பேரும் ஓடற வீட்டுல, மிக்ஸில அடிச்சு ஊத்தற அம்மாவைக் குத்தம் சொல்ல எனக்கு அருகதை கிடையாது. என்ற கோவம், மாவுக் கரண்டியையே தொடாம மேசையில உக்காந்துட்டு "புள்ளைக்குக் காயே குடுக்கறதில்லை நீ"ங்கற ரங்கமணிக மேலதான். வெட் கிரைண்டருக்குப் பேர் போன ஊருங்க இது. புவிசார் குறியீடே வாங்கி வெச்சுருக்கோம். ஊருக்கெல்லாம் கிரைண்டர் செஞ்சு அனுப்பற ஊர்ல, வீட்டு கிரைண்டர்ல இருந்து மாவு வழிக்கத் தெரியாத ஆம்பளைக எத்தனை பேரு? நானே முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் அந்தக் கூட்டம்தான்.

நேரம் பத்தியும் சொல்லிப்போடறேன். காயை வேகவெச்சு, அரைச்சு, மாவுல கலந்து, ஜாரைக் கழுவி மறைச்சு வெக்கற நேரத்துக்கு, கேரட்டைத் துருவி ஊத்தாப்பம் மேல தூவறது பாதி நேரம்கூட ஆகாது. அடைன்னா ரெண்டு மூணு மணி நேரம் ஊறினாப் போதும், புளிக்க வெக்க வேண்டியதில்லை. இட்லி அரிசி 2 டம்ளர், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரை டம்ளர், உளுந்து கால் டம்ளர், வரமிளகாய் ரெண்டு, சீரகம், பெருங்காயம், உப்பு. கொரகொரன்னு அரைச்சு, சின்ன வெங்காயம், கேரட் துருவல், ஒரு கை முருங்கைக்கீரை போட்டுக் கலக்கி, கல்லுல தட்டி, நடுவுல ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டா ஆச்சு. தொட்டுக்க காரம் வேண்டாங்கற புள்ளைகளுக்கு வெண்ணெயும் கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரையும்.

அரசாங்கத்தோட காலை உணவுத் திட்டத்தைப் பாருங்க. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 25-ல மாநிலம் பூராவும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். கேரட் கேரட்டாத்தான் தட்டுல கிடக்குது. ஒளிவு மறைவு இல்லை. பக்கத்துல இருக்கற புள்ளை எடுத்து வாயில போடறதை இந்தப் புள்ளை பார்க்குது. 1980 ஆய்வுல பார்த்த அதே பந்திதானுங்க இது. அதை வீட்டுல செய்ய முடியாதா?

எங்க வீட்டுல இப்ப நடக்கறது இவ்வளவுதான். ஒரு நாள் உக்கார வெச்சு, "அப்பா பொய் சொன்னது தப்பு. இனிமே உன்ற சாப்பாட்டுல எதையும் மறைக்க மாட்டேன்"னு சொன்னேன். ஞாயிறு காலையில ரெண்டு பேரையும் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் கூட்டிட்டுப் போறேன். (உழவர் சந்தைங்கறதே மொதமொதல்ல மதுரையில 1999 நவம்பர் 14-ல, குழந்தைகள் தினத்துலதான் திறந்தாங்க. பொருத்தமான நாள்!) காய் எடுக்கறது அவங்க வேலை, காசு குடுக்கறது என்ற வேலை. வீட்டுக்கு வந்ததும் சின்னவன் கீரை உருவுவான், பாதி காம்போட விழும். பெரியவ கேரட் துருவுவா. எல்லாரும் அடுப்படியிலயே சுத்தி உக்காந்து சாப்பிடறோம். பிடிக்கலைன்னா ஒரு வாய் ருசி பார்த்துட்டு வட்டல் ஓரமா ஒதுக்கி வெக்கலாம். யாரும் கண்ணை உருட்ட மாட்டோம்.

இதனால அவ காய்ப் பிரியை ஆயிட்டான்னு பொய் சொல்ல மாட்டேன், ஒரு பொய்யே போதும். கேரட் சாப்பிடறா. முருங்கைக்கீரை பாதி உள்ள, பாதி ஓரம். பீட்ரூட் இன்னும் ஆகலை. போன மாசம் ஒரு துண்டு கடிச்சுப் பார்த்துட்டு, "மண்ணு வாசம் அடிக்குதுங்கப்பா"ன்னு வெச்சுட்டா. இருக்கட்டும், அது அவ நாக்கு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப எங்கம்மா தோசை வார்த்துப் போட்டாங்க. பெரியவ ஏதோ கதை பேசிக்கிட்டே பிச்சு வாயில போட்டா. கிழிச்சுப் பார்க்கலை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் ஒண்ணும் சொல்லாம இன்னொரு தோசைக்கு வட்டலை நீட்டிட்டேன்.

டிஸ்கி: சின்னவன் இதைப் படிக்கற வயசுக்கு வந்தா ஒரு சேதி. கண்ணு, அந்த ஆறு வாரமும் ஸ்ட்ராபெர்ரி தோசை அதிகமா சாப்பிட்டது நீதான். உன்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்.